தொட்டி மீன்களின் நலமும் நிறமும்

மீன் வளர்ப்பது மிக எளிது என்று பலர் எண்ணுகின்றனர். ஒரு கண்ணாடிப் பாத்திரம், சிறிது தண்ணீர், ஒரு பொட்டலம் உணவு, இரண்டு தங்க மீன்கள் ஆகிய இவை இருந்தால் போதும் என்பது பொதுவான கருத்து. ஆனால் நடப்பது யாது? வாங்கி வந்த பத்து நாளைக்குள் நீர் கலங்குகிறது. மீனின் பொன்னிறம் மங்குகிறது. ஒருநாள் காலையில் அது மல்லாந்து மிதக்கிறது. "இதன் ஆயுள் அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு வேறொன்று வாங்கி வருகிறோம். உண்மை அதுவன்று. நன்கு பேணப்படும் தங்க மீன் பத்து ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியது. பத்து ஆண்டு வாழ வேண்டிய உயிர் பத்து நாளில் மடிவதேன்? கடையில் மின்னிய வண்ணம் வீட்டில் வெளிறுவதேன்? இவ்விரு வினாக்களுக்கும் விடை ஏறக்குறைய ஒன்றேயாகும். அதனை இன்று சற்று விரிவாகக் காண்போம்.

அழகுக்காக மீன் வளர்க்கும் வழக்கம் மிகப் பழையது. சீன நாட்டில் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே, மங்கிய நிறமுடைய ஒரு கெண்டை இனத்தில் தற்செயலாகத் தோன்றிய பொன்னிற மீன்களைத் தேர்ந்தெடுத்துக் குளங்களில் வளர்த்தனர். இன்றைய தங்க மீன்கள் அவற்றின் வழித்தோன்றல்களே. ஆயினும், மூடிய ஒரு தொட்டிக்குள் நீர் கெடாமல் மீனை வாழவைப்பது எவ்வாறு என்பதை ஆராய்ந்து கூறியவர்களுள் முதன்மையானவர் இராபர்ட் வாரிங்டன் என்னும் ஆங்கில இரசாயன அறிஞர். அவர் ஒரு தொட்டியில் தங்க மீன்களையும் வாலிஸ்னேரியா என்னும் நீர்த்தாவரத்தையும் வைத்தார். மீன் வெளிவிடும் கரியமில வாயுவைத் தாவரம் ஏற்றது. தாவரம் வெளிவிடும் பிராணவாயுவை மீன் ஏற்றது. ஆனால் உதிர்ந்த இலைகள் அழுகி நீரைக் கெடுத்தன. உடனே அவர் குளத்து நத்தைகள் சிலவற்றை உள்ளே விட்டார். அவை அழுகியவற்றைத் தின்று நீரைத் தெளிவித்தன. 1850-ஆம் ஆண்டில் அவர் இதனை அறிஞர் கழகத்தில் எடுத்துரைத்தார். 1853-இல் இலண்டன் விலங்குக் காட்சிசாலையில் பொதுமக்களுக்கான மீன் காட்சிக்கூடம் திறக்கப்பட்டது. நம் சென்னைக் கடற்கரையிலும் 1909-ஆம் ஆண்டில் அத்தகைய காட்சிக்கூடம் ஒன்று எழுந்தது. இன்றோ சென்னையின் கொளத்தூர்ப் பகுதி வண்ண மீன் வளர்ப்புக்கும் வாணிகத்துக்கும் பெயர்பெற்று விளங்குகிறது.

வாரிங்டன் கண்ட உண்மையின் சாரம் யாதெனில், தொட்டி என்பது வெறும் பாத்திரம் அன்று. அது ஒரு சிறு உலகம். அவ்வுலகில் கண்ணுக்குத் தெரியும் குடிகள் மீன்கள். கண்ணுக்குத் தெரியாத குடிகளும் உள்ளன. அவற்றை அறியாதவர் எத்துணை அன்போடு மீன் வளர்த்தாலும் அவ்வன்பு பயன் தராது.

மீன் உண்ட உணவில் உள்ள புரதம் செரித்தபின் அம்மோனியா என்னும் கழிவாக மாறி, பெரும்பாலும் செவுள் வழியே நீரில் கலக்கிறது. உண்ணாமல் எஞ்சிய உணவு அழுகும்போதும் அம்மோனியா உண்டாகிறது. ஆற்றிலோ குளத்திலோ அது பெரு நீரில் கரைந்து போய்விடும். தொட்டியில் அவ்வாறு போக இடமில்லை. அம்மோனியா மீனுக்கு நஞ்சு. அது செவுளை எரிக்கிறது. நீரின் காரத்தன்மையும் வெப்பமும் மிகுந்தால் அந்நஞ்சின் வேகமும் மிகுகிறது. நம்மைக் காப்பவை சில பாக்டீரியாக்கள். ஒரு வகைப் பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது. நைட்ரைட்டும் நஞ்சே, இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலை அது கெடுக்கிறது. இன்னொரு வகைப் பாக்டீரியா அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. நைட்ரேட்டின் தீமை மிகக் குறைவு. நீர்த்தாவரங்களுக்கு அது உரமாகவும் பயன்படுகிறது. நிலத்தில் இதே வேலையைச் செய்யும் பாக்டீரியாக்களை வினோகிராட்ஸ்கி என்னும் ரஷ்ய அறிஞர் 1890-ஆம் ஆண்டை ஒட்டிப் பிரித்தறிந்து விளக்கினார். வயலுக்கும் தொட்டிக்கும் பொதுவான விதி இது.

இப்பாக்டீரியாக்கள் புதிய தொட்டியில் இல்லை. அவை கற்களிலும் வடிகட்டியின் பஞ்சிலும் படிந்து போதிய அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். புதிய தொட்டியில் முதல் நாளிலேயே பத்துப் பன்னிரண்டு மீன்களை விடுபவர், குடிநீரும் சாக்கடையும் அமையாத ஊரில் மக்களைக் குடியேற்றுபவரை ஒப்பர். முதலில் இரண்டு மூன்று மீன்களை மட்டும் விட்டு, குறைவாக உணவிட்டு, அடிக்கடி நீரில் ஒரு பகுதியை மாற்றி வரவேண்டும். நலமான பழைய தொட்டி ஒன்றின் வடிகட்டிப் பஞ்சில் சிறிது கிடைத்தால் அதனைப் புதிய தொட்டியில் இடலாம். தயிருக்கு உறை ஊற்றுவது போன்றது அது.

இங்கே பலர் செய்யும் ஒரு தவற்றைச் சுட்ட வேண்டும். தூய்மையில் மிகுந்த நாட்டமுடையோர் வாரந்தோறும் தொட்டி நீர் முழுவதையும் கொட்டிவிட்டு, கற்களையும் பஞ்சையும் குழாய் நீரில் தேய்த்துக் கழுவுகின்றனர். சோப்பு இடுவோரும் உண்டு. இதனால் அழுக்கோடு காவலரும் அழிகின்றனர். தொட்டி பளபளக்கிறது, மீன் மடிகிறது. செய்ய வேண்டியது இதுவே: வாரம் ஒருமுறை நான்கில் ஒரு பங்கு நீரை மட்டும் அடியிலிருந்து குழாய் வைத்து உறிஞ்சி நீக்கி, அதே வெப்பமுள்ள புதிய நீரை ஊற்ற வேண்டும். வடிகட்டிப் பஞ்சை, எடுத்த அந்தத் தொட்டி நீரிலேயே மெல்லப் பிழிந்தால் போதும். நகராட்சி நீரில் குளோரின் கலந்திருந்தால், அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்தோ, சோடியம் தயோசல்பேட் துளிகள் இட்டோ அதனை நீக்கியபின் பயன்படுத்த வேண்டும்.

அடுத்துக் காற்றைப் பற்றிக் கூறுவேன். மீன் நீரில் கரைந்துள்ள பிராணவாயுவையே சுவாசிக்கிறது. 20 பாகை வெப்பமுள்ள ஒரு லிட்டர் நன்னீரில் ஏறத்தாழ 9 மில்லிகிராம் பிராணவாயு கரையும். 30 பாகையில் அது ஏறத்தாழ 7.5 மில்லிகிராமாகக் குறைந்துவிடும். வெப்பம் ஏறும்போது நீரில் பிராணவாயு குறைகிறது. அதே வேளையில் மீனின் உடல் வேகமாக இயங்குவதால் அதன் தேவை கூடுகிறது. நம் நாட்டுச் சித்திரை வெயிலில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதன் காரணம் இதுவே. பசியென்று எண்ணி மேலும் உணவு தூவுவது கேட்டை மிகுவிக்கும். காற்று, நீரின் மேற்பரப்பின் வழியாகவே உட்புகுகிறது. ஆதலால் உயர்ந்த தொட்டியினும் அகன்ற தொட்டி நல்லது. வாய் குறுகிய கண்ணாடி உருண்டை எல்லாவற்றிலும் தீயது. கௌராமி, சண்டை மீன் போன்ற சில இனங்களுக்கு மட்டும் மேற்காற்றை நேரே சுவாசிக்கும் தனி உறுப்பு உண்டு. ஏனைய மீன்களுக்கு அந்த வசதி இல்லை.

இரண்டு அடி நீளமும் ஓர் அடி அகலமும் ஓர் அடி உயரமும் உள்ள தொட்டி, அதாவது ஏறத்தாழ 60 செ.மீ., 30 செ.மீ., 30 செ.மீ. அளவுள்ள தொட்டி, 54 லிட்டர் நீர் கொள்ளும். மாணவர்கள் தாமே பெருக்கிப் பார்க்கலாம். அந்நீரின் எடை மட்டும் 54 கிலோகிராம் என்பதால் தாங்கும் மேசையும் உறுதியாக இருத்தல் வேண்டும். கப்பி, மாலி, வாள்வால் போன்ற சிறு மீன்களுக்கு இவ்வளவு போதும். தங்க மீனோ ஒரு சாண் அளவுக்கு மேலும் வளரக்கூடியது; அதற்கு இதனினும் பெரிய தொட்டியும், சற்றுக் குளிர்ந்த நீரும் வேண்டும். கப்பியும் மாலியும் நம் கிணற்றின் கடின நீரை விரும்பும். தென் அமெரிக்கக் காட்டாறுகளிலிருந்து வந்த நியான் மீனுக்கு மென்னீர் வேண்டும். நம்மிடம் உள்ள நீர் எது என்று அறிந்து, அதற்கேற்ற மீனைத் தேர்வது அறிவுடைமை.

உணவைப் பற்றிப் பேசும்போது வள்ளுவர் நினைவுக்கு வருகிறார். முன்பு உண்டது செரித்ததை அறிந்து, அதன்பின் அளவோடு உண்பவனுக்கு மருந்தென ஒன்று வேண்டுவதில்லை என்னும் கருத்தை 'மருந்து' என்னும் அதிகாரத்தில் அவர் வற்புறுத்துகிறார். மனிதருக்குச் சொன்ன இவ்விதி மீனுக்கு இருமடங்கு பொருந்தும். மனிதன் மிகுதியாக உண்டால் கெடுவது வயிறு மட்டுமே. தொட்டி மீனுக்கோ வயிறும் கெடும், அது சுவாசிக்கும் நீரும் கெடும். மீன் தன் உடல் வெப்பத்தைத் தானே உண்டாக்கிக் காப்பதில்லை. ஆகவே பறவைக்கும் விலங்குக்கும் வேண்டிய அளவு உணவு அதற்கு வேண்டுவதில்லை. இரண்டு மூன்று நிமிடங்களுக்குள் முற்றும் தின்று தீர்க்கும் அளவை நாளுக்கு இருமுறை இட்டால் போதும். வளர்ந்த மீனை வாரத்தில் ஒரு நாள் பட்டினி போட்டாலும் தீங்கில்லை. வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் அவரவர் விருப்பம்போல் தூவாதபடி ஒருவரே அப்பொறுப்பை ஏற்க வேண்டும்.

இனி நிறத்துக்கு வருவோம். மீனின் நிறம் செதிலின் மேல் பூசப்பட்ட சாயம் அன்று. தோலில் உள்ள நிற உயிரணுக்களே அதற்குக் காரணம். கருமையைத் தருவன ஒரு வகை. மஞ்சளையும் சிவப்பையும் தருவன மற்றொரு வகை. வெள்ளி போன்றும் நீலமாகவும் ஒளிர்வனவற்றுள் பெரும்பாலும் நிறப்பொருளே இல்லை. அவ்வுயிரணுக்களில் குவானின் என்னும் பொருளாலான மெல்லிய படிகத் தகடுகள் அடுக்கடுக்காக உள்ளன. அவை ஒளியைப் பிரதிபலிக்கும் முறையால் நீலம் தோன்றுகிறது. நியான் மீனின் விளக்குக் கோடு இத்தகையதே. இரவில் அக்கோடு மங்கி, காலையில் ஒளி பட்டபின் மீண்டும் துலங்கும். அதனைக் கண்டு நோயென்று அஞ்ச வேண்டுவதில்லை.

மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு ஆகிய நிறங்களைப் பெரும்பாலும் தருவன கரோட்டினாய்டு என்னும் பொருள்கள். இவற்றை மீன் தன் உடலில் புதிதாக ஆக்க வல்லதன்று. உணவின் வழியேதான் பெறமுடியும். பாசி அவற்றை ஆக்குகிறது. பாசியை நீர்த்தெள்ளும் சிறு இறாலும் தின்கின்றன. அவற்றை மீன் தின்கிறது. தங்க மீன் போன்ற சில இனங்கள், பெற்ற மஞ்சள் நிறப்பொருளைச் சிவப்பாக மாற்றிக்கொள்ளவும் வல்லவை. ஆகவே வெறும் மாவுருண்டையைத் தின்னும் மீன் வெளிறுவதில் வியப்பில்லை. சுருள்பாசித் தூள் கலந்த உணவு, காயவைத்துப் பொடித்த இறால் தலை, வேகவைத்துத் தோலுரித்த பட்டாணி, பசலைக்கீரை, செண்டுமல்லி இதழ்த் தூள் கலந்த உணவு ஆகியவை நிறம் கூட்டுவன. நீர்த்தெள்ளும் கொசுப்புழுவும் சிறந்த உயிருணவுகள். ஆனால் சாக்கடையில் எடுத்தவற்றை இடலாகாது. கரோட்டினாய்டுகள் காற்றும் ஒளியும் பட்டால் சிதைந்துவிடும். எனவே ஆண்டுக்கணக்கில் திறந்து கிடக்கும் பெரிய டப்பாவை விட, சிறிய டப்பாவை வாங்கி இறுக மூடி வைத்துச் சில மாதங்களுக்குள் தீர்ப்பது நல்லது. நல்லுணவு இட்டாலும் நிறம் நாளையே வந்துவிடாது. சில வாரங்கள் பொறுத்திருக்க வேண்டும்.

உணவு மட்டும் போதாது. வெண்மையான மணலின் மேல் வாழும் மீன் தன்னை மறைத்துக்கொள்ளத் தன் கருநிற அணுக்களைச் சுருக்கி வெளிறித் தோன்றும். கருமணலின் மேலும் தாவரங்களின் நடுவிலும் அதே மீன் ஆழ்ந்த நிறம் காட்டும். நாளுக்கு எட்டு முதல் பத்து மணி நேரம் மிதமான ஒளி தேவை. நேர் வெயில் ஆகாது. ஒளிந்துகொள்ள இடமில்லாத மீன், பெரிய மீனால் துரத்தப்படும் மீன், கண்ணாடியைத் தட்டும் கைகளுக்கு நாள்தோறும் அஞ்சும் மீன் ஆகியவை எல்லாம் வெளிறும். அச்சமும் நிறத்தைக் கெடுக்கும் என்பதை நினைவிற் கொள்க.

இயற்கையில் இந்நிறத்துக்கு உள்ள பொருளை விளக்கும் ஆராய்ச்சி ஒன்று உண்டு. டிரினிடாட் தீவின் ஓடைகளில் கப்பி மீன்கள் வாழ்கின்றன. கொன்று தின்னும் பெரிய மீன்கள் மிகுந்த இடங்களில் ஆண் கப்பிகள் மங்கலாகவும், அவை குறைந்த இடங்களில் பளிச்சென்றும் இருக்கின்றன. இதனை ஆராய்ந்த ஜான் எண்ட்லர் என்னும் அறிஞர், பகை குறைந்தால் சில தலைமுறைகளிலேயே ஆண் மீன்களின் வண்ணம் மிகுவதை 1980-இல் வெளியிட்டார். பெண் கப்பிகள் செம்மஞ்சள் நிறம் மிகுந்த ஆண்களை விரும்புகின்றன. ஒட்டுண்ணி பற்றிய ஆணின் அந்நிறம் வெளிறுகிறது. பெண் மீன் அதனை ஒதுக்குகிறது. ஏன்? நல்ல உணவைத் தேடிப் பெறவும் நோயின்றி வாழவும் வல்ல மீனே அந்நிறத்தைத் தாங்க முடியும். அதாவது, நிறம் என்பது நலத்தின் சான்று. பெண் கப்பி அறிந்த இவ்வுண்மையை வாங்குவோராகிய நாமும் அறிந்திருக்க வேண்டும்.

ஏனெனில் பொய்ச் சான்றும் சந்தையில் கிடைக்கிறது. நம் நாட்டு நீர்நிலைகளில் வாழும் கண்ணாடி மீனின் உடல் ஒளி ஊடுருவும் தன்மையது. அதன் உடலில் ஊசியால் பச்சை, இளஞ்சிவப்பு முதலிய சாயங்களைச் செலுத்தி விற்கும் வழக்கம் ஆசிய நாடுகள் சிலவற்றில் தோன்றியது. ஊசி ஏற்ற புண்ணால் பல மீன்கள் மடிகின்றன. எஞ்சியவை நோய்க்கு எளிதில் ஆளாகின்றன. சாயமும் சில மாதங்களில் கரைந்து போகிறது. இளம் மீன்களுக்கு ஹார்மோன் கலந்த உணவை இட்டு, பருவம் வருமுன்னரே நிறம் ஏற்றுவதும் உண்டு. அத்தகைய மீன்கள் மலடாதலும் கூடும். வாங்குவோர் இருக்கும்வரை இத்தொழில் இருக்கும். மாணவர்கள் இத்தகைய மீனை வாங்க மறுப்பதே அதற்கு உரிய விடை. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஆறுகளில் மட்டும் வாழும், செங்கோடு உடைய 'மிஸ் கேரளா' என்னும் அழகிய மீன், வாணிகத்துக்காக அளவின்றிப் பிடிக்கப்பட்டதால் அழிவை நோக்கிச் செல்லும் இனங்களின் பட்டியலில் இடம்பெற்றுவிட்டது. ஆற்றில் பிடித்த மீனை விட, பண்ணையில் பிறந்த மீனை வாங்குவது நன்று.

நோயைப் பற்றி ஒன்றே ஒன்று கூறுகிறேன். தொட்டி மீன்களுக்கு மிகுதியாக வருவது வெண்புள்ளி நோய். உப்புத் தூவியதுபோல் உடலெங்கும் வெண்புள்ளிகள் தோன்றும். மீன் கற்களில் உடலைத் தேய்க்கும். இதற்குக் காரணம் ஒற்றை உயிரணுவாலான ஓர் ஒட்டுண்ணி. அது தோலுக்குள் தங்கி வளர்ந்து, பின் உதிர்ந்து அடியில் படிந்து, நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பிரிந்து, மீண்டும் மீனைத் தேடி நீந்தும். தோலுக்குள் இருக்கும்போது மருந்து அதனைத் தீண்டாது. நீந்தும் பருவத்தில்தான் கொல்ல முடியும். ஆதலால் புள்ளி மறைந்தவுடன் மருந்தை நிறுத்துவது பிழை. கூறிய நாள்வரை தொடர வேண்டும். அதனினும் சிறந்தது வருமுன் காத்தல். புதிய மீனை மூன்று வாரமாவது வேறொரு பாத்திரத்தில் தனியே வைத்துப் பார்த்தபின் தொட்டியில் விடுக. அதற்கு முன், பையோடு மீனை நீரில் கால் மணி நேரம் மிதக்கவிட்டு, தொட்டி நீரைச் சிறிது சிறிதாகப் பையில் சேர்த்து அதனைப் பழக்க வேண்டும்.

மீன் வளர்ப்பில் சலிப்புத் தோன்றினால் அவற்றை ஏரியிலோ ஆற்றிலோ விட்டுவிடுவது இரக்கம் என்று சிலர் கருதுகின்றனர். அது இரக்கமன்று. பாசியைத் தின்று தொட்டியைத் துப்புரவாக்கும் என்று விற்கப்படும் தென் அமெரிக்கச் சக்கர் மீன் இவ்வாறு வெளியே சென்று, தென்னிந்திய நீர்நிலைகள் பலவற்றில் பெருகி, மீனவர் வலைகளைக் கிழித்து, நம் மீன்களின் இடத்தைக் கவர்ந்துள்ளது. வேண்டாத மீனை வேறொரு வளர்ப்பவரிடமோ கடைக்காரரிடமோ ஒப்படைப்பதே முறை.

மாணவ நண்பர்களே, நல்ல மீன் வளர்ப்பவருக்கு வேண்டிய முதற்கருவி ஒரு குறிப்பேடு. நீரின் வெப்பம், நீர் மாற்றிய நாள், இட்ட உணவு, மீனின் நடத்தை ஆகியவற்றை நாள்தோறும் இரண்டு வரியில் எழுதி வாருங்கள். துடுப்பை மடக்கிக்கொண்டு மூலையில் நிற்கிறதா, உணவை மறுக்கிறதா, நிறம் மங்குகிறதா என்று பாருங்கள். மீன் கூவுவதில்லை, குரைப்பதில்லை, தன் துன்பத்தை நிறத்தாலும் நடத்தையாலும் மட்டுமே அது சொல்கிறது. அம்மொழியைக் கற்றவருக்கு இரசாயனமும் உயிர்நூலும் ஏட்டளவில் நில்லாமல் கண்முன் நிகழும். ஓர் உயிரை நான்கு கண்ணாடிச் சுவர்களுக்குள் நாம் கொண்டுவந்த பின், ஆறும் மழையும் காற்றும் அதற்குச் செய்துவந்த தொண்டு அனைத்தும் நம் கடமையாகின்றன. அக்கடமையைச் செய்யும் வீட்டில் நிறத்தைத் தேடிப் போக வேண்டுவதில்லை. அது தானே வரும்.